இருபத்தெட்டைத் தாண்டாத வண்டி

விமான நிலையத்தில் என் பெட்டி ஸ்கேனருக்குள் போனதும் திரை முன்னால் உட்கார்ந்திருந்த சுங்க அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். திரையில் மூன்று வட்டங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி வரிசையாகப் பற்கள்.

"இது என்ன சார்?"

"ஸ்பிராக்கெட். பின் சக்கரத்துல செயின் மாட்டுற பல் சக்கரம்."

"மூணு எதுக்கு?"

"எது சரியா வரும்னு தெரியலை. அதான் மூணு."

"எந்த பைக்குக்கு?"

"பைக் இல்லை. என் தங்கச்சியோட மூணு சக்கர வண்டி. மெதுவாப் போகுது."

அவர் பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இதுக்காகவா மலேசியாவுல இருந்து வர்றீங்க? எவ்வளவு மெதுவாப் போகுது?"

"மணிக்கு இருபத்தெட்டு."

அவர் முகம் மாறியது. பெட்டியை அவரே மூடி, ஜிப்பையும் இழுத்துவிட்டு, "சீக்கிரம் போங்க சார்" என்றார்.

தங்கச்சி என்றால் சித்தி மகள். பெயர் ஜெபசெல்வி. எங்கள் அம்மா கல்யாணமாகி, தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்திலிருந்து மலேசியாவில் கிள்ளானுக்கு வந்தார். சித்தி ஊரிலேயே இருந்துவிட்டார். ஜெபா தூத்துக்குடியில் கணக்கு டீச்சர். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் பலமிழந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் போனில் பேசும்போது அவள் கேட்டது ஒரே கேள்வி. "அண்ணே, நூறு சிசி இன்ஜின் நாப்பதுல போகுமா, போகாதா?"

நான் முப்பது வருடம் மோட்டார் தொழிற்பயிற்சிக் கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். என்னிடம் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டு நாளாகியிருந்தது. "தாராளமாப் போகும். நான் வரேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த "தாராளமா" என்ற சொல்லுக்காகப் பின்னால் ஐந்து நாள் வருத்தப்பட்டேன்.

விஷயம் இதுதான். ஜெபாவுக்குத் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு. பள்ளிக்கூடம் விளாத்திகுளம் போகிற வழியில், வீட்டிலிருந்து முப்பத்தாறு கிலோமீட்டர். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த அடுத்த ஆள் இப்போதே வந்து, "உங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்த அலைச்சல்" என்று மிகுந்த அன்போடு விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஜெபாவின் மாமியார் படுத்த படுக்கை. கணவர் டேனியலுக்குத் துறைமுகத்தில் எடை மேடையில் ராத்திரி வேலை. அவர் எட்டு மணிக்கு மேல் வீடு வந்த பிறகுதான் இவள் கிளம்ப முடியும். எட்டேகாலுக்குக் கிளம்பினால் ஒன்பது இருபது மணிக்குள் போய்ச் சேர வேண்டும். இருபத்தெட்டில் போனால் தினமும் பன்னிரண்டு நிமிடம் தாமதம். பஸ் இரண்டு மாற வேண்டும், படியோ இவள் இடுப்பு உயரத்தில் இருக்கிறது.

"தலைமை ஆசிரியையே தினமும் பன்னெண்டு நிமிஷம் லேட்டுன்னா, பிள்ளையளைப் பாத்து நான் என்னண்ணே சொல்லுவேன்?" என்றாள்.

புதன்கிழமை சாயங்காலம் வண்டியைப் பார்த்தேன். பழைய பைக்கின் முன்பாதி அப்படியே இருந்தது. பின்னால் இரண்டு சக்கரம், நடுவில் பெஞ்சு மாதிரி ஒரு சீட், மேலே தகரக் கூரை, முன்னால் கதவளவுக்கு ஒரு கண்ணாடி. இடது காலால் கியர் போட முடியாது என்பதால் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு கம்பி. அதன் தலையில் கதவுக் குமிழ். செய்தவர் தருவைகுளத்தில் படகு இன்ஜின் பார்க்கும் சேவியர். நிறமும் படகு நிறம்தான், நீலமும் வெள்ளையும். பக்கவாட்டில் 'எபெநேசர்' என்று எழுதியிருந்தது.

நான் சுற்றி வந்தேன். இடது பின் டயரின் ஓரம் ரம்பம் மாதிரி தேய்ந்திருந்தது. விரலால் தடவி, "மட்டமான டயர்" என்று தீர்ப்புச் சொன்னேன். டேனியல் பணிவாகத் தலையாட்டினார். இந்த டயரைப் பற்றி இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

பின் சீட்டில் என்னை ஏற்றிக்கொண்டு துறைமுகச் சாலையில் ஒரு சுற்று போனாள் ஜெபா. கிள்ளானில் நெடுஞ்சாலை ஓரத்தில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனிப் பாதை உண்டு. இங்கே கன்டெய்னர் லாரிக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது என் முழங்கை மட்டும்தான். ஒவ்வொரு லாரியும் ஹாரன் அடித்துத் தாண்டிப் போனது. பிறகு ஒரு மொபெட் தாண்டியது. அதன் பின்னால் இரண்டு தென்னம் ஓலைக் கட்டும், கட்டின் மேல் ஒரு மனிதரும் இருந்தார். அவர் ஜெபாவைப் பார்த்து, "டீச்சர், சும்மா காத்து வாங்கவா?" என்று கேட்டார்.

"வீட்டுக்குப் போறேன் அண்ணாச்சி" என்றாள் ஜெபா, பல்லைக் கடித்துக்கொண்டு.

வியாழக்கிழமை தருவைகுளம். சேவியரின் பட்டறையில் பாதிப் படகு ஒன்றும் நாலைந்து இன்ஜினும் கிடந்தன. ஐம்பது வயது இருக்கும் அவருக்கு. கழுத்தில் மாதா படம் வைத்த உத்தரியக் கயிறு, காதில் பென்சில். என் ஸ்பிராக்கெட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"மலேசியா இரும்பா அண்ணாச்சி?"

"ஆமா. உங்க வண்டியில இருக்கிறது நாப்பத்தி ரெண்டு பல். இதுல முப்பத்தாறு. இன்ஜின் அதே சுத்துதான் சுத்தும், சக்கரம் மட்டும் கூடுதலாச் சுத்தும்." கரும்பலகை இல்லாத குறைதான். பாடமே நடத்திவிட்டேன்.

"காகிதத்துல சரிதான்" என்றார் சேவியர். "ஆனா இந்தக் கச்சான் காத்துல இன்ஜினு இழுக்கணும்லா?"

மேற்கிலிருந்து அடிக்கிற காற்றுக்குக் கச்சான் என்று பெயர். ஆனி மாதத்தில் அது அடிக்காத நேரமே கிடையாது என்று எனக்குத் தெரியாது. "இழுக்கும்" என்றேன்.

இழுக்கவில்லை. டாப் கியர் போட்டதும் இன்ஜின் சளி பிடித்தவர் மாதிரி இருமியது. வேகம் இருபத்தாறு. மூன்றாம் கியருக்கு இறக்கினால் அலறியது, இருபத்தெட்டு. ஆக, ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்து நான் வண்டியின் வேகத்தைக் குறைத்திருந்தேன். திரும்பும் வழியில் மேம்பாலம் ஏறும்போது பாதியில் வண்டி நின்றேவிட்டது. பின்னால் ஏழெட்டு லாரி ஹாரன் அடித்தது. நான் இறங்கித் தள்ளினேன். நான் தொண்ணூறு கிலோ. நான் இறங்கியதே வண்டிக்குப் பெரிய உதவி. ஆனாலும் அது நகரவில்லை.

முதல் லாரியிலிருந்து தலைப்பாகை கட்டிய ஓட்டுநர் ஒருவர் இறங்கி வந்து என் பக்கத்தில் தோள் கொடுத்தார். பாலத்தின் உச்சி வரைக்கும் தள்ளினோம். மூச்சு வாங்கியபடி இந்தியில் ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். ஜெபாவுக்குக் கொஞ்சம் இந்தி தெரியும்.

"என்ன சொன்னார்?"

"அவரு ஊர்ல எருமை இதைவிட வேகமாப் போகுமாம். ஆனா எருமைக்குக் கூரை இருக்காதாம்."

வெள்ளிக்கிழமை பழைய ஸ்பிராக்கெட்டையே திரும்ப மாட்டிக்கொண்டிருந்தபோது தெரு முழுக்க எனக்கு ஆலோசனை சொன்னது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவச் சொன்னார் பலசரக்குக் கடைக்காரர். சைலன்சரில் ஓட்டை போடச் சொன்னார் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர். ஜெபம் பண்ணச் சொன்னார் போதகர். நான் மூன்றையும் செய்து பார்த்தேன். சைலன்சர் ஓட்டையால் வண்டி அறுபதில் போவது மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு இருபத்தெட்டில் போனது.

அன்று சாயங்காலம் டேனியல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மச்சான், வாங்க. நைட் கிளப் போயிட்டு வரலாம்."

நான் திடுக்கிட்டேன். டேனியல் திருச்சபையில் கமிட்டி உறுப்பினர். வாரம் தவறாமல் காணிக்கைப் பை தூக்குகிறவர். மணியோ ஆறரை. ஜெபா சமையலறையிலிருந்தே, "எனக்கும் ரெண்டு வாங்கிட்டு வாங்க" என்றாள். ஒன்றும் கேட்காமல் நல்ல சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தூத்துக்குடியில் நைட் கிளப் என்றால் புரோட்டாக் கடை. சாயங்காலம் திறப்பதால் அந்தப் பெயராம். வாசலில் பெரிய கல், அதன் நடுவில் எண்ணெய்க் குளம், அதில் புரோட்டாக்கள் நீந்திக்கொண்டிருந்தன. எங்கள் ஊர் ரொட்டி சானாய் மெத்தென்று மடங்கும். இது கையில் நொறுங்கியது. மேலே சால்னாவை ஊற்றிப் பிசைந்து, நாலு சாப்பிட்ட பிறகுதான் டேனியல் பேசினார்.

"மச்சான், அவகிட்ட நீங்க சொல்லணும். வேண்டாம்னு எழுதிக் குடுத்துரட்டும். நான் சொன்னா கேக்க மாட்டா."

"ஏன், அவளுக்கு இஷ்டம் இல்லையா?"

"இஷ்டம் இருக்குதனாலதான் பயமா இருக்கு. பாலத்துல நின்னுட்டுன்னு சொன்னிய. நீங்க கூட இருந்திய. நாளைக்கு அவ ஒத்தையில நிப்பா."

ஜெபா கேட்ட இரண்டைப் பொட்டலம் கட்டச் சொன்னேன். பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தோம். சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளைத் தாள் இருந்தது. 'மதிப்பிற்குரிய ஐயா' வரை எழுதியிருந்தாள். என்னைப் பார்த்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"படிக்கிற காலத்துல நான் காலை இழுத்துக்கிட்டு ரெண்டு மைல் நடந்துதான் போனேன். ஒரு நாளும் லேட்டாப் போனதில்லண்ணே. இப்ப மூணு சக்கரத்துல போயும் லேட்டு" என்றாள். பொட்டலத்தைப் பிரித்து, புரோட்டாவை ஆவேசமாகப் பிய்த்தாள். பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சட்டென்று நிமிர்ந்தாள்.

"இன்ஜினை ஆஃப் பண்ணிட்டா என்னண்ணே ஆகும்?"

"நின்னுடும்."

"எவ்வளவு தூரத்துல?"

முப்பது வருட வாத்தியார் நான் அந்தக் கேள்வியை எனக்கே கேட்டுக்கொண்டதில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு உப்பளச் சாலை. டேனியல் ராத்திரி வேலைக்கு லீவு போட்டிருந்தார், மாமியாருக்கு அந்த இரண்டு நாள் மட்டும் எதிர்வீட்டு அம்மாள் துணை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி மட்டமான ரோடு, இரண்டு பக்கமும் வெள்ளைப் பாத்திகள். ஜெபா சாக்பீஸால் ரோட்டின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். இருபது வேகத்தில் வந்து கோட்டைத் தொட்டதும் நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, வண்டி தானாக எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. டேனியல் தப்படி வைத்து அளப்பார். காற்றை ஈடுகட்ட, போக ஒன்று வர ஒன்று.

முதல் தடவை அறுபது தப்படி. என்னை இறக்கிவிட்டபோது அறுபத்து நாலு. கூரையையும் கண்ணாடியையும் கழற்றி ஓரமாக வைத்த பிறகு எழுபது. ஒவ்வொரு தடவையும் வண்டி சத்தமில்லாமல் வந்து நடுரோட்டில் நிற்பதைப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏளா, அந்த வண்டி மறுபடியும் நின்னுட்டு பாரு."

"பாவம், எண்ணெய் இல்ல போல."

கொஞ்ச நேரத்தில் சைக்கிளில் ஒருவர் பாட்டிலில் பெட்ரோல் கொண்டுவந்து தந்தார். வேண்டாம் என்றதற்குக் கோபித்துக்கொண்டார். வாங்கி ஊற்றிக்கொண்டோம். அடுத்த தடவை வண்டி நின்றபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் உப்பளத்துக்கு ஆள் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய ஒரு ஆட்டோவை ஜெபா கையைக் காட்டி நிறுத்தினாள். "அண்ணாச்சி, இருபதுல வந்து இந்தக் கோட்டுல நியூட்ரல் போடுங்க. பிரேக் பிடிக்கக் கூடாது." அவர் காரணம் கேட்கவில்லை. டீச்சர் குரலுக்கு அப்படியொரு சக்தி. ஆட்டோ கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. டேனியல் பின்னால் ஓடி ஓடி எண்ணினார். நூற்று முப்பது தப்படி.

ஜெபா நோட்டில் எழுதினாள். "இன்ஜின் இல்ல. காத்தும் பெருசா இல்ல. உங்க எடையும் இல்ல. ஏதோ ஒண்ணு வண்டியைப் பிடிச்சு இழுக்கு."

பிரேக் உரசுகிறதா என்று சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். இரண்டும் காற்றாடி மாதிரி சுற்றின. அதற்குள் அவள் கைத்தடியை ஊன்றிக் குனிந்து, நூல் ஒன்றை எடுத்து டேனியல் கையில் ஒரு நுனியைக் கொடுத்தாள். பின் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை முன் விளிம்பில் அளந்தாள். பிறகு பின் விளிம்பில் அளந்தாள். நூலை ஸ்கேலில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே ரோட்டில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"முன்னால தொண்ணூத்தாறு. பின்னால தொண்ணூத்தி மூணு. இணைகோடே இல்லண்ணே! எட்டாங்கிளாஸ் பிள்ளையளுக்கு நான் நடத்துத பாடம்!"

இடது சக்கரம் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. வண்டி நேராகப் போகும்போது அது ஓரமாகப் போகப் பார்த்திருக்கிறது. எப்போதும் ரோட்டில் தேய்ந்துகொண்டே இழுபட்டு வந்திருக்கிறது. ரம்பம் மாதிரி தேய்ந்த டயர் புதன்கிழமையே இதை என்னிடம் சொல்லியிருக்கிறது. நான்தான் டயரைத் திட்டினேன்.

அங்கிருந்தே தருவைகுளம் போனோம். சேவியர் நூல் கணக்கைக் கேட்டதும் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கீழே வைத்தார்.

"டீச்சர், நான் கடலுக்குள்ள ஓடுத போட்டுக்கு ஷாஃப்ட் போடுதவன். எனக்குச் சக்கரம் நேரா வைக்கத் தெரியாதா?"

"உங்களைக் குத்தம் சொல்லலண்ணே."

"பின்ன நூலு பொய் சொல்லுதா?"

கோபத்தோடு வண்டிக்கு அடியில் படுத்தார். இடது சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கையைத் தட்டிப் பார்க்கும் ஒலி கேட்டது. பிறகு உள்ளேயிருந்தே சொன்னார். "இது வெல்டிங் கோளாறு இல்ல. பெயின்ட் வெடிச்சிருக்கு. கம்பியே வளைஞ்சிருக்கு. இதுல எவனோ கனத்தை ஏத்திப் பள்ளத்துல இறக்கியிருக்கான்."

எல்லோரும் குனிந்து அந்தக் கம்பியைப் பார்த்தோம். டேனியல் மட்டும் பாதிப் படகை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபா அவரைப் பார்த்தாள்.

"என்ன ஏத்துனிய?"

"கோயில் காம்பவுண்டு சுவர் கட்டும்போது... கொஞ்சம் சிமென்ட்."

"எத்தனை மூட்டை?"

"நாலு."

"எத்தனை?"

"எட்டு" என்றார் டேனியல். "வேன் வரல ஜெபா. கொத்தனார் காத்துக்கிட்டு இருந்தான்."

"சுவர் கட்டி ரெண்டு வருஷம் ஆகுது." அவள் குரல் அமைதியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "ரெண்டு வருஷமா நான் இன்ஜினைத் திட்டியிருக்கேன். நேத்து ராத்திரி லெட்டர் எழுத உக்காந்தேன். நீங்க பேனா எடுத்துக் குடுத்துட்டுத்தான் புரோட்டாக் கடைக்குப் போனிய."

டேனியல் கண் கலங்கிவிட்டார். வளைந்தது தனக்குத் தெரியாது, பள்ளத்தில் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது மட்டும்தான் தெரியும் என்றார். சேவியர் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "ஏலே டேனியலு, டங்குனு கேட்டா என்கிட்ட வந்து சொல்ல வேண்டாமா?" என்றார். அந்தக் குரலில் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். பழி அவரை விட்டுப் போய்விட்டதே.

ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யலாமா என்று ஒரு சின்ன விவாதம் நடந்தது. சேவியர் காலைப் பூசைக்குப் போய், மாதாவிடம் விவரம் சொல்லிவிட்டு வந்துவிட்டார். எங்கள் பக்கம் அனுமதி கேட்கத் தைரியம் இல்லாததால் போதகரிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. கம்பியைச் சூடேற்றி, படகு தூக்குகிற ஜாக்கியை முட்டுக் கொடுத்து, ஒரு மயிரிழை ஒரு மயிரிழையாக நிமிர்த்தினார். டேனியல் நூலைப் பிடித்துக்கொண்டே நின்றார். ஜெபா அளந்து சொல்லச் சொல்ல, தொண்ணூற்று ஆறு, தொண்ணூற்று ஐந்து, தொண்ணூற்று நாலரை. முன்னும் பின்னும் ஒன்றாக வந்ததும் சேவியர் குறுக்கே இன்னொரு பட்டை வைத்து வெல்டிங் போட்டார். கடைசியில் சைலன்சர் ஓட்டையையும் அடைத்தார்.

பழைய ஸ்பிராக்கெட்டிலேயே முப்பத்தேழு வந்தது. இன்ஜின் கொஞ்சம் அலறியது. "அண்ணாச்சி, உங்க நடு இரும்பைக் குடுங்க" என்று சேவியரே கேட்டார். மூன்றில் நடு அளவான முப்பத்தெட்டுப் பல் சக்கரத்தை மாட்டினோம். கடற்கரைச் சாலையில் ஜெபா போய்விட்டுத் திரும்பி வந்தாள். தலைமுடியெல்லாம் கலைந்திருந்தது.

"நாப்பத்தொண்ணு" என்றாள். "முடுக்காம, சும்மா போகும்போது!"

எனக்குத் துள்ள வேண்டும் போல இருந்தது. என் வயதையும் எடையையும் நினைத்துக் கை மட்டும் தட்டினேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நான் குளித்து முடித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஜெபா திரும்பிப் பார்த்தாள். கழுத்தில் சின்னச் சங்கிலி, கஞ்சி போட்ட பருத்திச் சேலை, மடியில் ஃபைல்.

"அண்ணே, நீங்க பஸ்ல வாங்க."

"நான் பாக்க வேண்டாமா?"

"உங்களை ஏத்துனா முப்பத்தாறுதான் போகும். இன்னைக்கு எனக்கு நாப்பது வேணும்."

இறங்கிக்கொண்டேன். எட்டு பதினாலுக்கு நீலமும் வெள்ளையுமாக எபெநேசர் தெருமுனை திரும்பியது. டேனியல் வாசலில் நின்று, அது மறைகிற வரைக்கும் கண்ணை மூடாமல் பார்த்தார். ராத்திரி முழுக்க வேலை பார்த்தவர்.

நான் ஏறிய பஸ் ஒரு நிறுத்தத்தையும் விடவில்லை. தருவைகுளம் விலக்கில் மீன் கூடைகளோடு எட்டுப் பெண்கள் ஏறினார்கள். கூடையைக் கூரையில் போடு என்றார் கண்டக்டர். போட மாட்டோம் என்றார்கள். பேச்சு வார்த்தை பத்து நிமிடம். முடிவில் ஒரு கூடை என் மடிக்கு வந்தது. "பிடிங்க அண்ணாச்சி, சாளை மீனுதான், கடிக்காது." அடுத்த பஸ் மாறும்போது என் சட்டை முன்பக்கம் முழுவதும் நனைந்திருந்தது. மீதி வழியெல்லாம் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.

பள்ளிக்கூடத்து வாசலில் நான் இறங்கியபோது மணி ஒன்பது நாற்பது. கதவு பூட்டியிருந்தது. வெளியே நாலு மாணவிகளும் ஒரு வாத்தியாரும் வரிசையாக நின்றிருந்தார்கள். உள்ளே வேப்ப மரத்து நிழலில் எபெநேசர் நின்றது.

கம்பி வழியாக வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். "நான் உங்க புது ஹெட்மாஸ்டரோட அண்ணன். மலேசியாவுல இருந்து வந்திருக்கேன்."

"எங்கன இருந்து வந்தாலும் வரிசையில நில்லுங்க சார்" என்றார் அவர். "அம்மா ஒம்பது எட்டுக்கே வந்துட்டாவ. ஒம்பது இருபதுக்குக் கதவைச் சாத்தச் சொல்லிட்டாவ."

வாத்தியாருக்குப் பின்னால் போய் நின்றேன். மாணவிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார்கள். சிறிது நேரத்தில் ஜெபா கைத்தடியை ஊன்றி மெதுவாக நடந்து வந்தாள். வரிசையில் ஒவ்வொருவராகக் காரணம் கேட்டாள். ஒவ்வொருவரையும் உள்ளே விட்டாள். கடைசியில் என் முன்னால் வந்து நின்றாள். உதடு லேசாகத் துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை.

"ஏன் லேட்டு?"

"பஸ் லேட்டு டீச்சர்."

"நாளைக்கு இதுக்கு முந்தின பஸ்ல வாங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாள்.